பதினாலு நாள் உள்ளே, ஆறு நாள் வெளியே

ஏரிக்கரை முகாமில் சட்டம் இதுதான். ஆண்டு பாஸ் வைத்திருப்பவர் ஒரே இடத்தில் பதினாலு நாள் தங்கலாம். அதன்பின் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஆறு நாள் வெளியே போய்விட வேண்டும். லீவுக்கு வந்து மீன் பிடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வேறு வீடு இல்லாமல் வருஷம் முழுக்கச் சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்துகிற எங்களுக்குத்தான் அந்த ஆறு நாள் உயிரை வாங்கும்.

வெளியே என்றால் நாற்பத்தைந்து மைல் தள்ளியிருக்கும் பொட்டல். அங்கே யாரும் உங்களை ஏன் என்று கேட்கமாட்டார்கள். கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜூன் மாதம் நூற்றைந்து டிகிரி அடிக்கும். போகிற மண்பாதையில் அலமாரியில் உள்ள தட்டெல்லாம் ஆட்டம் போடும்.

நானும் என் கணவன் வெண்டலும் ஓட்டுவது ஒரு பழைய கேரவன். எங்கள் சிநேகிதி வெர்னாவுடையது பிக்கப் வண்டியில் கட்டி இழுக்கிற டிரெய்லர், இருபத்துநாலு வயசு, அச்சு வளைந்தது. வெர்னா முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஊருக்குள் டயாலிசிஸ். முகாமிலிருந்து பன்னிரண்டு மைல்தான் என்பதால் தானே ஓட்டிக்கொண்டு போய் வந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு செத்தவள் மாதிரி படுத்துவிடுவாள். அவளைப் பொட்டலுக்கு அனுப்புவது என்றால் கொல்வது என்றுதான் அர்த்தம். டவுனில் தனியார் முகாம் ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் பழசான வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் போன அக்டோபரிலிருந்து வெர்னா நகரவே இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் ஒரு கம்பம், அதில் ஒரு கிளிப், கிளிப்பில் பேரும் பாஸ் நம்பரும் எழுதிய காகிதம். வெர்னாவின் பதினாலு நாள் முடிந்ததும் அவள் இடமான முப்பத்தொன்றாம் நம்பர் கம்பத்தில் என் பேர் ஏறும். என் பதினாலில் ஆறு அவளுக்கு. மிச்சம் எட்டு நாள்தான் நாங்கள் உள்ளே, பன்னிரண்டு நாள் பொட்டலில். உடனே என்னைப் பாராட்ட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு முகாமில் வெண்டலுக்கு மாரடைப்பு வந்தபோது, ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெர்னா அவனைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு எண்பது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனை அடித்தபடியே ஓட்டினாள். அதற்கு ஆறு நாள் என்ன, அறுபது நாள் கொடுக்கலாம்.

பழைய பொறுப்பாளர் ஹார்லன் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற மனுஷன். டிரெய்லரின் நம்பர் பிளேட் பின்பக்கம் இருந்தது. பின்பக்கத்தை வெர்னா புதருக்குள் விட்டிருந்தாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு ரிவர்ஸ் சொல்லித்தர வேண்டுமா?

ஏப்ரலில் ஹார்லன் மகள் வீட்டோடு போய்விட்டார். முகாமை நடத்துகிற கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது: பொறுப்பாளர் வேலை, கணவன் மனைவியாக இருவர் தேவை, தங்க இடமும் கரண்டும் தண்ணீரும் உண்டு, பதினாலு நாள் சட்டம் கிடையாது.

வெர்னாதான் அதைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"போட்றி அப்ளிகேஷன். வெண்டல் வெயில்ல காயவேண்டாம். அப்புறம், பேனா உன் கைக்கு வந்துட்டா என்னை எவ வந்து அசைப்பா?"

"எனக்கு யாருடி குடுப்பா? எங்க வண்டியைப் பாத்தியா?"

"பாத்தேன். சகிக்கல. கழுவு."

மூன்று வாரம், நாங்கள் உள்ளே இருந்த நாளிலெல்லாம், என்னைப் பிழிந்து எடுத்துவிட்டாள். வண்டியைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுவார்கள் என்பது அவள் கட்சி. கூரையிலிருந்து ஒழுகிய கறுப்புக் கோடுகளை வெண்டலும் நானும் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். கிழிந்த வெயில் மறைப்பை வெர்னா தைத்தாள். சேறுபிடித்த பெட்டிகள் வண்டிக்கு அடியிலிருந்து மறைந்தன. கழிவுக் குழாய்கூடக் கோணாமல் நேராகப் போக வேண்டுமாம். மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தலையணை மேல் பழகினேன். வெண்டல், "எனக்கு வந்தப்ப இவ தலையணையைக் கட்டிப்பிடிச்சு அழுதா, இப்ப அதை அமுக்குறா" என்று சொல்லிச் சிரித்தான்.

சாயங்காலமானால் ஒத்திகை. வெர்னா வாயில் ஒரு ஐஸ் துண்டை ஒதுக்கிக்கொண்டு உட்காருவாள். அவளுக்குத் தண்ணீர் அளவோடுதான், தாகத்துக்கு ஐஸ்தான்.

"நான் இப்ப குடிகாரன். என் நாய் அவுத்துவிட்டுக் கெடக்கு. நீ என்ன சொல்வே?"

"சார், நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க."

"முடியாது போடி கிழவி!"

"கிழவி எவடி? உனக்கு என்னைவிட நாலு வயசு கூட!"

"இப்படிப் பேசினா வேலை கெடைச்ச மாதிரிதான். சிரி. சிரிச்சுக்கிட்டே சொல்லு."

தன் காக்கிக் கால்சட்டையையும் கொடுத்தாள். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அது அவள் இடுப்பில் நிற்பதில்லை. என் முடியையும் அவளே வெட்டிவிட்டாள். நாள் மீறித் தங்குகிறவர்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் ஒத்திகை பார்த்தோம். "விதிப்படி நடப்பேன், மரியாதையாகக் கேட்பேன்." அதற்கு மேல் ஒரு சொல் கூடாது என்று விரலை நீட்டி எச்சரித்தாள்.

நேர்காணல் ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் அறையில். மேலாளர் டெலனிக்கு முப்பது வயசு இருக்கலாம். நல்ல பெண். அவளைத் திட்ட எனக்கு இன்றுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதுவே ஒரு எரிச்சல். வெளியே இன்னொரு ஜோடி காத்திருந்தது, இருவரும் ஒரே நிறச் சட்டையில். அவர்கள் கேரவன் போன வருஷம் வாங்கினதாக இருக்கும், கண் கூசியது.

நாய், ஜெனரேட்டர் சத்தம், கக்கூஸ் அடைப்பு எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். டெலனி எழுதிக்கொள்ளவே இல்லை. பேனாவை மூடி வைத்திருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

"நாள் மீறித் தங்குறவங்களை எப்படிக் கண்டுபிடிப்பீங்க, ஆர்லீஸ்? அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி."

விதிப்படி நடப்பேன் என்றேன். மரியாதையாகக் கேட்பேன் என்றேன். அவள் தலையாட்டினாள். பேனா மூடியேதான் இருந்தது. ஜன்னல் வழியாக அந்த ஒரே நிறச் சட்டைகள் தெரிந்தன. அப்போது என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"காகிதத்தை மட்டும் பாத்துட்டுப் போனா ஏமாந்துதான் போகணும்" என்றேன். "ரெண்டு சிநேகிதங்க பேரை மாத்தி மாத்தி வைப்பாங்க. வண்டி அசையாது, பேர்தான் மாறும். பின்னாடி போய் நம்பர் பிளேட்டைப் பாக்கணும். வண்டியைப் புதருக்குள்ள ரிவர்ஸ்ல விட்டிருந்தா அங்கதான் முதல்ல பாக்கணும்."

வெண்டல் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். டெலனி பேனாவைத் திறந்தாள்.

"இது எனக்குத் தெரியாதே! இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். கடவுளே, இன்னொரு தடவையும் சொன்னேன். புகழ்ச்சிக்கு அலைகிற நாய் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு சொன்னேன்.

வெளியே வந்ததும் வெண்டல், "என்ன காரியம் பண்ணிட்டே?" என்றான்.

"யார் பேரையும் சொல்லலையே. பாக்கப்போறது யாரு? நான்தானே? நான் எதுக்கு வெர்னா வண்டிக்குப் பின்னாடி போகப்போறேன்?"

வேலை எங்களுக்கு என்று வெள்ளிக்கிழமை செய்தி வந்தது, அன்றே வண்டியைப் பொறுப்பாளர் இடத்துக்குக் கொண்டுவந்தோம். வெர்னா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் தோளெலும்பு குத்தியது. என்ன சொல்லி வேலை வாங்கினேன் என்று அவள் கேட்கவில்லை. தன் ஒத்திகைதான் வாங்கித் தந்தது என்று அவளுக்கு நிச்சயம். நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள். "கம்பத்துல உன் பேரு இன்னும் மூணு நாளைக்கு இருக்கே. எடுத்துடட்டுமா?"

"எடுத்துட்டு எங்கடி போவே? இருக்கட்டும். நாளையிலருந்து பாக்கிறவ நான்."

திங்கள் காலை பேட்டரி வண்டியில் ஏறப்போனேன். டெலனி ஏற்கெனவே ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"முதல் நாள் நானும் வரேன். நீங்க சொன்னது நாலு நாளா மண்டைக்குள்ளயே ஓடுது. இன்னைக்கே பாத்துடலாம்."

ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் இறங்கிப்போய் அவள் படம் எடுத்தாள். இருபதைத் தாண்டும்போது தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். முப்பத்தொன்றில் புதரைப் பார்த்ததுமே, "நீங்க சொன்ன மாதிரியே இருக்கு பாருங்க" என்று குதித்து இறங்கினாள்.

வெர்னா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு டயாலிசிஸ் மத்தியானம்தான். என்னைத் தெரியாதவள் மாதிரி, "குட் மார்னிங்" என்றாள். முள் கிழிக்கக் கிழிக்க டெலனி புதருக்குள் போய்விட்டு வந்தாள். பிறகு கம்பத்தில் இருந்த காகிதத்தைப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி படித்தாள்.

"ஆர்லீஸ் ஹோவ்லண்ட். இது நீங்கதானே?"

பேச எனக்கு நேரம் இருந்தது. என் பேர்தான், நான்தான் கொடுத்தேன், இவள் உடம்பு இப்படி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வேலை போயிருக்கும். அன்று சாயங்காலமே பொட்டலுக்குப் போயிருப்போம், மூன்று பேரும். வெண்டலின் நெஞ்சை நினைத்தேன் என்று எனக்கு நானே பிறகு சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நிமிஷம் என் கண்ணுக்குத் தெரிந்தது கரண்ட் பெட்டியும் தண்ணீர்க் குழாயும் உள்ள என் இடம்தான்.

வெர்னா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

"அந்தப் பாஸை நான்தாம்மா திருடினேன்" என்றாள் டெலனியிடம். "இவங்க கேரவன் கதவு திறந்து கெடந்துச்சு. நம்பரைப் பாத்து எழுதிக்கிட்டேன். இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

டெலனி என்னிடம் திரும்பினாள். "அப்படியா?"

"ஆமா" என்றேன். "இவங்களை நான் இதுக்கு முன்னால பாத்ததில்லை."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

நாளை பகல் பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டும், ஒரு வருஷத்துக்கு எந்த முகாமிலும் சேர்க்க மாட்டார்கள். டெலனிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வெர்னாவின் கையில் ஊசிக்குப் போட்ட பிளாஸ்திரியை அவளும் பார்த்தாள். "பாவம்தான், ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்று என் காதில் சொல்லிவிட்டு நோட்டீஸ் புத்தகத்தை நீட்டினாள். "நீங்களே எழுதுங்க. பழகணும்ல."

எழுதினேன். நன்றாக எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பொறுப்பாளர் இடத்தில் இரண்டாவது வண்டி நிற்கக் கூடாது. அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாருக்கோ கேட்கிற மாதிரி.

மறுநாள் காலையில் வெண்டல் முப்பத்தொன்றுக்குப் போய் வெடிப்பு விட்ட டயர்களுக்குக் காற்றடித்தான், அச்சுக்குக் கிரீஸ் வைத்தான். முந்தின நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டெலனி வேறு முகாமுக்குப் போன பிறகு நானும் போனேன், ஒரு பெட்டி ஐஸை எடுத்துக்கொண்டு. ஐஸ்! பொட்டலில் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும்.

வெர்னா ஏற்கெனவே பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"அழாதேடி. வேலை பொழச்சுதுல்ல? அதுக்குத்தானே இத்தனை பாடுபட்டோம். வெண்டலைப் பாத்துக்கோ."

"நீ எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவே?"

"ஓட்டிக்கிட்டுத்தான். போகவர நூறு மைல். முடியிற வரைக்கும் ஓட்டறேன்." பிறகு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. ஏழு மாசமா ஒரு நாய்கூட அந்தப் புதருக்குள்ள எட்டிப் பாத்ததில்லை. இந்தப் பொண்ணு நேரா அங்க போறா. யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க ஆர்லீஸ்."

பின்னால் டிரெய்லர் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்த வெண்டல் நிமிர்ந்தான். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். காத்திருந்தான்.

"நீதான் இப்ப உள்ள இருக்கியே" என்றாள் வெர்னா. "யாருன்னு கண்டுபிடி. எனக்காக அது ஒண்ணு பண்ணு."

"கண்டுபிடிக்கிறேன்" என்றேன்.

வெண்டல் சங்கிலியை மாட்டி முடித்தான், கையைத் துடைத்துக்கொண்டான், சுற்றி வந்து அவள் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.