முன்சக்கர நட்டுகள்

சவ வண்டி வாசலுக்கு வர வழி வேண்டியிருந்தது. இளையவன் தெருவில் நின்ற மோட்டார் சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி ஓரம்கட்டினான். மூன்றாவது வண்டியின் கைப்பிடியைத் தொட்டதும் நின்றான். தபால்காரருடைய வண்டி. போன வாரம் அண்ணன் முன்சக்கரம் மாட்டிக் கொடுத்தது. அடுத்தது ரொட்டிக்கடைக்காரருடையது. அதுவும் போன வாரம்தான்.

நட்டு சரியான அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்லிவிடும் டார்க் ரெஞ்சை அண்ணன் இரண்டு வருடம் யோசித்து வாங்கினான். கடையில் காட்டிய பெரியதை வேண்டாமென்று சொல்லிவிட்டான். மோட்டார் சைக்கிள் நட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் எந்த ரெஞ்சின் அளவுகோலில் நடுவே விழுமோ அதுதான் துல்லியமாகக் காட்டும் என்பது அவன் கணக்கு. வேலை முடிந்ததும் அளவுகோலைக் கடைசி எண்ணுக்கு இறக்கி, துடைத்து, பெட்டியில் படுக்க வைப்பான். என்னைக்கூட இவர் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்பாள் அண்ணி. அதைக் கொண்டு எதையும் கழற்றக் கூடாது; பட்டறையில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

பத்து நாளைக்கு முன், அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில், துருவேறிய ஒரு நட்டை இளையவன் அதைக் கொண்டுதான் கழற்றினான். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி, காலால் மிதித்து. நேற்று மாலை பக்கத்துப் பட்டறையின் ரெஞ்சோடு ஒப்பிட்டுப் பார்த்தான். அண்ணனுடையது நட்டு இறுகும் முன்பே டிக்கென்றது. இந்தப் பத்து நாளில் அண்ணன் மாட்டிய முன்சக்கரங்கள் எல்லாம் தளர்வாகத்தான் இருக்கும். காலையில் சொல்லலாம் என்று படுத்துவிட்டான். காலையில் அண்ணன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

உள்ளே போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தன வண்டி?"

"பதினொண்ணு. ஏழு வாசல்லயே நிக்குது. மத்த நாலு பேருக்கும் போன் பண்ணி ஓட்ட வேணாம்னுட்டேன்."

"அவருகிட்ட சொன்னியா?"

"இல்ல அண்ணி."

அவள் கணவனின் நகக்கண்ணில் கிடந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய போய்ச் சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. நாளைக்கு யாராவது விழுந்து வெச்சா, செத்தவரு கை மேல பழி விழக் கூடாது."

சொன்னான். வாசலில் நின்றவர்களிடம் குழாயை மிதித்ததையும் மறைக்கவில்லை. முதலில் தபால்காரர் சாவியை நீட்டினார். ரொட்டிக்கடைக்காரர் தன்னுடையதைத் தேடி எடுத்தபடி, "இருந்தப்பவும் வண்டிய பட்டறையில விட்டுட்டு நடந்து போங்கன்னுதான் சொல்வாரு" என்றார். ஒருவர் சிரித்து, சட்டென நிறுத்திக்கொண்டார்.

இடுகாடு மூன்று கிலோமீட்டர். வண்டியில் பின்தொடர இருந்தவர்கள் சவ வண்டியின் பின்னால் நடந்தார்கள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

இளையவன் கடைசியில் வந்தான். சட்டைப் பையில் ஏழு சாவிகள் அடிக்கு அடி குலுங்கின. பையின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நடந்தான்.