வலது தோளுக்கு ஒரு வார்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெலிண்டா டீச்சரின் கிட்டார் விழுந்து உடைந்த விஷயத்தை, மறுநாள் பட்டறைக்கு வந்ததும் டோரதிதான் சொன்னாள். அரியமங்கலத்தில் ரஞ்சனி நடத்தும் தோல் பட்டறையில் பை தைப்பவள் அவள். டீச்சர் போகும் அதே கோவிலில் பாடுகிறவள்.

"பாட்டு நடுவுல நீங்க தச்சுக் குடுத்த ஸ்ட்ராப் கழண்டுருச்சுக்கா. கிட்டார் கழுத்து ரெண்டாப் போயிருச்சு."

ரஞ்சனி கையிலிருந்த ஊசியை வைத்தாள். "என்னைத் திட்டுனாங்களா?"

"சேச்சே. தன் கைதான் சரியா மாட்டலன்னு அழுதாங்க. இனிமே வாசிக்கப் போறதில்லையாம்."

ஸ்கூட்டர் விபத்தில் பெலிண்டாவின் இடது காறை எலும்பு முறிந்து, அந்தக் கை விரல்களும் பலம் குறைந்திருந்தன. இடது தோளில் வார் போட முடியாது. பாரம் முழுவதும் வலது தோளில் இறங்கும்படி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டு டிசம்பர் தொடக்கத்தில் வந்தாள். ரஞ்சனி காகிதத்தில் வெட்டி, அவள் முதுகில் வைத்துப் பார்த்து, நாலு தடவை திருத்தினாள். கடைசியில் கிட்டாரை மாட்டிக்கொண்ட பெலிண்டா, இரண்டு கையையும் விட்டுவிட்டு, "வலிக்கவே இல்லைங்க" என்று சிரித்தாள்.

ஆனால் கிட்டாரின் குமிழில் மாட்டும் நுனித் துண்டுக்கு மாட்டின் கெட்டியான முதுகுத் தோல் போதவில்லை. புதுத் தோல் வரப் பத்து நாளாகும். பெலிண்டாவுக்குக் கிறிஸ்துமஸுக்குள் வேண்டும். ரஞ்சனி வயிற்றுப் பக்கத்துத் தோலை வைத்துத் தைத்துவிட்டாள். அது இழுக்க இழுக்க நெகிழும், துளை அகன்றுவிடும். தெரிந்துதான் வைத்தாள். என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியொரு எண்ணம் வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தென்னூருக்குப் போனாள்.

பெலிண்டா அவளை உட்கார வைத்து டீ கொடுத்தாள். "உங்க உழைப்பையும் கெடுத்துட்டேன் ரஞ்சனி. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் ஆசைப்பட்டிருக்கக் கூடாதுங்க."

ரஞ்சனி டீயைத் தொடவில்லை. "உங்க கை சரியாத்தான் மாட்டியிருக்கு டீச்சர். தப்பு என்னோடது. நுனியில நெகிழுற தோலை வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன்."

பெலிண்டா உள்ளே போய் வாரை எடுத்து வந்தாள். நுனியை விரலால் இழுத்தாள். துளை பிளந்து கொடுத்தது.

"நேத்துலேந்து இந்தக் கையை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா?" குரல் உயரவில்லை.

"கிட்டாரைக் குடுங்க டீச்சர். நான் சரி பண்ணிக் கொண்டாந்து தர்றேன்."

"வேண்டாம். நீங்க கிளம்புங்க. இப்ப என்னால பேச முடியல."

வீட்டுக்குப் போகாமல் ரஞ்சனி பட்டறைக்கே திரும்பினாள். அதே தோலில் வார் வாங்கிப்போன இன்னும் இரண்டு பேரைப் போனில் கூப்பிட்டு, அதை மாட்ட வேண்டாம் என்று சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னாள்.

அடுத்த வாரம் முதுகுத் தோல் வந்தது. முழு வாரையும் புதிதாகத் தைத்து டோரதியிடம் கொடுத்தனுப்பினாள். அந்த ஞாயிறு கழிந்து டோரதி வந்து சொன்னாள்: "டீச்சர் வாசிச்சாங்கக்கா. யாரோட கிட்டாரையோ வாங்கி, நாற்காலியில உக்காந்து."

"நான் குடுத்தது?"

"பிரிச்சுப் பாக்கல. ஆனா திருப்பியும் தரல."

ரஞ்சனி ஊசியைக் கையில் எடுத்தாள்.