சந்தேகச் சீட்டு

எங்கள் நாட்டில் பெருநாள் என்றைக்கு என்பதைப் பிறைதான் சொல்லும். வளைகுடாவிலிருந்து வந்து எங்கள் பேருந்து நிறுவனத்தை வாங்கியவர்களுக்கு அதைக் கணினியே சொல்லிவிடுகிறது. இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க மாதக்கணக்கில் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

காசாபிளாங்கா தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. என்னையும் சேர்த்து ஆறு பேர். விற்பனை முடிந்ததும் அங்கிருந்து நவாஃப் என்றொருவர் வந்தார். எங்கள் பழைய பயணச்சீட்டு மென்பொருளை மூடிவிட்டு அவர்களுடையதற்கு மாற வேண்டும், அதை நான் நடத்த வேண்டும் என்றார். மணக்க மணக்க அத்தர் பூசிய மனிதர். குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

"சொன்ன தேதியில மாறிட்டா உங்க ஆறு பேர் வேலையும் பத்திரம், சகோதரி. தள்ளிப்போச்சுன்னா மேலிடத்துல நான் வாயத் திறக்க முடியாது."

சொன்ன தேதி, பெருநாள் வெள்ளிக்கிழமை. பெருநாளன்று பேருந்து ஓடாது, சந்தடியில்லாமல் மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அது அவர்களுடைய பெருநாள். நாங்கள் நோன்பை அவர்களுக்கு ஒரு நாள் பிந்தித் தொடங்கியிருந்தோம். வியாழன் மாலை எங்கள் வானத்தில் பிறை தெரிந்தால் எங்களுக்கும் வெள்ளி பெருநாள். தெரியாவிட்டால் வெள்ளி முப்பதாம் நோன்பு. பெருநாளுக்கு முந்தின நாள் என்பதால் வருஷத்திலேயே அதிகக் கூட்டம் ஏறுகிற நாள் அது.

இதற்கென்றே எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முப்பதாம் நாளுக்குச் 'சந்தேகச் சீட்டு' என்று ஒன்று விற்போம். பிறை தெரியாவிட்டால் அதை வைத்து ஊருக்குப் போகலாம். தெரிந்துவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கடைசி நாள்வரை கடையையும் கட்டட வேலையையும் விட்டு நகர முடியாதவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். பழைய மென்பொருளுக்கு இது அத்துப்படி. புதியதில், அவர்கள் குழுமம் பேருந்து ஓட்டும் ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விடுமுறை அட்டவணை. விடுமுறை நாளில் யாராவது சீட்டு வைத்திருந்தால் அதைத் தானாகவே அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிவிடும். அடுத்த வேலைநாள் திங்கட்கிழமை. அதற்குள் பெருநாளும் முடிந்து, பலகாரமும் தீர்ந்திருக்கும்.

"நாட்டுக்கு நாடு தனி அட்டவணை வேணும்" என்று, அவர் ஊர் திரும்பிய பிறகு நடந்த காணொளிக் கூட்டத்தில் கேட்டேன்.

"நல்ல யோசனை. இரண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் நவாஃப்.

"பிறை இரண்டாம் கட்டம் வரைக்கும் காத்திருக்காதே."

சிரித்தார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் இருந்த யெத்தர் மட்டும், "நம்ம கம்பெனியோட சேத்து நம்ம நிலாவையும் வாங்கிட்டாங்க போலிருக்கு, லல்லா" என்று முணுமுணுத்தான்.

யெத்தர் திங்கிர் பக்கத்து மலைக்காரன். என்னை மரியாதையாக 'லல்லா' என்றுதான் கூப்பிடுவான். எங்கள் ஆறு பேரில் கூர்மையானவன் அவன்தான், வாயிலும் வேலையிலும். ஊரில் அவன் அம்மா தனியாக இருக்கிறாள். அவன் அனுப்புவதை வைத்துத்தான் அவள் அடுப்பு எரிகிறது.

பென்னாசர் ஐயாவிடமும் போனேன். நிறுவனத்தை விற்றவர் அவர்தான். ஒப்பந்தப்படி இன்னும் ஒரு வருஷம் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். "இங்க பாரும்மா கிஸ்லான், நீ எங்கிட்ட எதுவும் கேக்கல, நான் உங்கிட்ட எதுவும் சொல்லல" என்றார். அப்பா கட்டிய நிறுவனத்தை விற்றவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? ஆறு பேர் வேலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன தேதியிலேயே மாற்றுவதற்குத் தயாரானேன்.

குழுமம் வெள்ளி விடுமுறை என்று அறிவித்துவிட்டதால் இரண்டு பேர் வியாழனே ஊருக்குக் கிளம்பினார்கள். நான், யெத்தர், துரயா, ஸ்லிமான் நால்வரும் அலுவலகத்திலேயே நோன்பு திறந்தோம். ஹரீரா சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே வானொலியில் சொல்லிவிட்டார்கள். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நாளை முப்பதாம் நோன்பு. யெத்தர் கரண்டியைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

மாற்றத்தை நிறுத்தச் சொல்லி நவாஃபுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. மாற்றம் தானாக நடந்து முடிந்தது. பழைய மென்பொருள் பூட்டப்பட்டது. அதைத் திறக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது விதி.

வெள்ளி காலை ஊலாத் ஸியான் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. மூட்டைகள், குழந்தைகள், புதுத்துணிப் பைகள். நடத்துநர்கள் சீட்டைக் கருவியில் காட்டினால் 'திங்கள்' என்று வந்தது. கருவியில் அனுமதி வராமல் ஒரு பேருந்தும் வாசலைத் தாண்ட முடியாது. ஓட்டுநர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு பெண் தன் சீட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நோன்பு வச்சுக்கிட்டு வாயத் திறக்க வேண்டாம்னு பாக்கறேன். திங்கக்கிழமை போய் நான் என்ன, பாத்திரம் கழுவவா?"

"கொஞ்சம் பொறுங்க, அக்கா."

"மாசம் பூரா பொறுத்தாச்சு. இன்னிக்கு ஒரு நாள்தான் பாக்கி."

நவாஃபை அழைத்தேன். பிறகு அவருக்கு மேலே இருப்பவரை, அவருக்கும் மேலே இருப்பவரை. அங்கே பெருநாள் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. நவாஃபிடமிருந்து மட்டும் ஒரு வாழ்த்துப் படம் வந்தது, பூவும் பிறையும் போட்டு. அந்தப் பிறையைப் பார்த்ததும் போனை விட்டெறியலாம் என்றிருந்தது.

அலுவலகத்துக்கு ஓடினேன். "பழையதைத் திறக்கணும்" என்றேன்.

"அனுமதி?" என்றாள் துரயா.

"நான் குடுக்கறேன்."

"நம்ம வேலை?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அதை நான் சொல்லவில்லை. யெத்தர் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டான். பூட்டை உடைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பூட்டை மாட்டியவனே அவன்தான். சந்தேகச் சீட்டுகள் மறுபடி வெள்ளிக்கிழமைக்கு வந்தன. கருவிகளில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் பேருந்து மராக்கேஷுக்குக் கிளம்பிவிட்டது என்று நிலையத்திலிருந்து ஸ்லிமான் போனில் கத்தினான். எனக்கு அழுகை வந்தது.

திங்கிர் பேருந்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. யெத்தரிடம் சொன்னேன்.

"வேண்டாம் லல்லா. திரும்ப எங்கயாவது நின்னுட்டா?"

"நின்னா நாங்க இருக்கோம். போடா, உங்கம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா. இப்பப் போனாத்தான் நாளைக்குப் பெருநாள் தொழுகைக்குப் போய்ச் சேருவே."

மேலங்கியை எடுத்துக்கொண்டு ஓடினான். மாலை நோன்பு திறக்கும்வரை நானும் துரயாவும் ஸ்லிமானும் நாடு முழுக்க ஓடிய பேருந்துகளைக் கவனித்துக்கொண்டோம். ஒன்றுகூட நிற்கவில்லை.

பெருநாள் முடிந்து நவாஃப் நேரிலேயே வந்தார், ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு. ஆறு பேரையும் தூக்கப்போகிறார் என்று எண்ணி, பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தப்பு என்னுடையது, மற்றவர்களை விடுங்கள் என்று. அதைச் சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை.

"அருமை, சகோதரி. நீங்க மட்டும் இல்லேன்னா நிறுவனத்தோட மானம் போயிருக்கும். மேலிடத்துல எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க." மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "அதைவிட ஒண்ணு அவங்களை அசத்திடுச்சு. வருஷத்தோட பெரிய கூட்ட நாள். பழசு, புதுசு ரெண்டும் குழம்பிக் கெடக்கு. அன்னிக்கு மொத்த நாட்டையும் மூணே பேர் ஓட்டியிருக்கீங்க. நீங்க, துரயா, ஸ்லிமான்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"அப்புறம் சாதாரண நாளுக்கு ஆறு பேர் எதுக்குன்னு கேக்கறாங்க. எங்கிட்ட பதில் இல்ல."

"திறந்தது யெத்தர். அவன் இல்லாம மூணு பேர் இல்ல, முந்நூறு பேர் இருந்தாலும் நடந்திருக்காது."

"உங்க பேர்லதானே திறந்திருக்கு? அவர் காலையிலயே வெளியேறினதா காட்டுதே."

"நான்தான் ஊருக்கு அனுப்பினேன். பெருநாளைக்கு."

"நல்ல மனசு உங்களுக்கு" என்றார். உண்மையாகவே சொன்னார், அதுதான் கொடுமை.

"என்னை எடுத்துட்டு அவனை வச்சுக்கங்க."

நவாஃப் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க போனா உங்க இடத்துல ஆள் போட மாட்டாங்க, சகோதரி. ரெண்டு பேர் போதும்னுதான் ஆகும்."

பேரீச்சம்பழப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை.

வெளியே வந்தபோது யெத்தர் என் மேசையருகே நின்றிருந்தான். ஊரிலிருந்து நேராக வந்திருந்தான், முகம் வெயிலில் கறுத்திருந்தது. "அம்மா உங்களுக்காக துஆ கேட்டாங்க, லல்லா" என்றான். "நான் போய் இறங்கறப்போ வாசல்லயே நிக்கறாங்க. என் பிள்ளையப் பெருநாளைக்கு அனுப்பி வச்ச மகராசி நல்லா இருக்கணும்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறாங்க."

அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பணியாளர் பிரிவுக்காரர்கள் வேகமானவர்கள். வேலைநீக்கக் கடிதத்தை நின்றபடியே படித்தான். திரும்ப ஒரு முறை படித்தான். எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டான். மறைக்காமல் சொன்னேன்.

எப்போதும் ஒரு கேலி வைத்திருப்பவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு என்னைப் பார்க்காமல், "அந்த பஸ்ல எடம் இல்லாமப் போயிருக்கலாம், லல்லா" என்றான்.