சொல்வதற்கு ஒன்றுமில்லை

ஊருக்கெல்லாம் ஆள் பிடித்துக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் ஆள் நிற்பதில்லை. ஐந்து மேசைகளில் மூன்று காலி. மிச்சமிருந்த இருவரில் ஒருத்தி குயில். தொலைபேசிக் குரலுக்காக வந்த பெயர். இன்னொருத்தி கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. கண்ணாடி அறைக்குள் முதலாளி.

எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவர் சட்டம். கண்ணாடிக் கதவு எப்போதும் ஒரு சாண் திறந்தே இருக்கும். குயில் ஒருமுறை பல் மருத்துவரிடம் நேரம் கேட்டபோது, வலிப்பது எந்தப் பல் என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிட்டது.

இது பொறுக்காமல் விலகிப் போனவன்தான் ஒட்டகம். காலையில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் மாலைவரை நாற்காலியை விட்டு எழமாட்டான். ஐந்து மாதமாகியும் அவனுக்கு வேறு வேலை அமையவில்லை. நேர்காணலில் தேறிவிடுவான், பிறகு பழைய இடத்தில் விசாரிப்பார்கள், அத்தோடு சரி. விலகியவர்களைப் பற்றி யார் கேட்டாலும் ‘சொல்வதற்கு ஒன்றுமில்லை’ என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் இன்னொரு சட்டம். கேட்கச் சாதுவான வாக்கியம்தான். இந்தத் தொழிலில் அதற்கு, ‘இந்த ஆள் வேண்டாம்’ என்று பொருள். அவனைப் பற்றிக் குயிலே மூன்று முறை அப்படிச் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கப்பல் கம்பெனி அம்மாள் அழைத்தார். வருடத்துக்கு முப்பது பேரை இவர்கள் மூலமாக எடுப்பவர்.

“உங்ககிட்ட வேலை பார்த்த பையன் ஒருத்தன் நேரா எங்ககிட்ட வந்திருக்கான்மா. நெட்டையா, ஒல்லியா. ஆள் எப்படி?”

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளியின் பேனா நின்றது. அக்கா கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“சொல்றதுக்கு...” என்று ஆரம்பித்தாள் குயில். நான்காவது முறை.

“சொல்றதுக்கு என்ன?”

“நிறைய இருக்கு மேடம். நல்லா வேலை செய்வார். இடத்தை விட்டு அசைய மாட்டார்.”

“அப்புறம் ஏன் போனான்?”

“இங்க எல்லா ஃபோனையும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும். அது அவருக்கு ஒத்துவரல.”

“அப்ப இதுவும்...?”

“ஆமாம் மேடம். சார் கேட்டுட்டுத்தான் இருக்கார்.”

முதலாளி வெளியே வந்தார். நடை சுடுமணலில் நடப்பதுபோல இருந்தாலும் குரலில் தேன்.

“வணக்கம் மேடம்! பொண்ணு சொன்னது சரிதான். தங்கமான பையன்.”

“அப்ப அதை எழுத்துல குடுத்துடுங்க சார். இன்னைக்கே முடிச்சுடறேன்.”

அழைப்பு முடிந்தது. முதலாளி குயிலின் தலைக்கு மேலே நின்று ‘தங்கமான’ என்பதை ‘திருப்திகரமான’ என்று குறைத்துச் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள். கையெழுத்துப் போட்டார்.

“இதை அனுப்பிட்டு உன் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நாளைலேருந்து வர வேண்டாம்.”

“சரி சார்.”

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு பையை எடுத்தாள். படிக்கட்டு வரை அக்கா கூடவே வந்தாள்.

“ஏன்டி, வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே! அடுத்த வேலைக்கு உன்னைப் பத்தி எங்கே விசாரிப்பாங்க?”

“இங்கதான்க்கா.”

“இங்க இப்ப ஃபோன் எடுக்க யாரு இருக்கா?”

குயில் அக்காவையே பார்த்தாள். அக்கா திரும்பிக் கண்ணாடிக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

“எடுக்கறேன், போ.”