துண்டுக்குள் வந்த அழைப்பு

மாட்டுத் தரகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, சத்தியநாதன் என்று பெயரும் வைத்தால் சந்தை சும்மா இருக்குமா? முப்பத்தாறாம் வருசம் தை மாதம் எனக்கு அது நடந்தது. அதுவரைக்கும் நான் தீர்த்தகிரி. திருச்செங்கோட்டைச் சுற்றி நாலு சந்தையில் என் கை படாமல் ஒரு ஜோடி மாடு கைமாறாது. "சத்தியநாதரே, இந்த எருது உழவுக்கு ஆகுமுங்களா? சத்தியமாச் சொல்லோணும்" என்று ஆளுக்கு ஒருதரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன். நாற்பது வயதில் வைத்த பெயர் புதுச் செருப்பு மாதிரி, கொஞ்ச நாள் கடிக்கத்தான் செய்யும்.

உண்மையில் என்னைக் கடித்தது பெயர் இல்லை. எங்கள் சபைப் போதகர் என்மேல் வைத்த நம்பிக்கை. அவர் திருநெல்வேலிக்காரர், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், மனிதனைப் பற்றி நல்லதாகவே நினைக்கிறவர். "நொண்டி எருதைக் குதிரை விலைக்கு விற்ற வாய் ஐயா இது! கர்த்தர் அதைத்தான் கேட்கிறார். நீர் உபதேசியாராகப் போக வேண்டியவர்" என்றார். தரகு பொய்த் தொழில், அதை விட்டுவிடும் என்றார். விட்டேன்.

கர்த்தர் என்னைக் கூப்பிட்டதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வேலைக்குக் கூப்பிட்டார் என்பதுதான் தெரியவில்லை. ஆளைக் கூப்பிட்டுவிட்டு வேலையைச் சொல்லாத முதலாளியை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. சரி, போதகர் மூலமாகச் சொல்லுகிறார் போலிருக்கிறது என்று பிரசங்கம் பண்ணப் பழகினேன்.

முதல் பிரசங்கத்துக்கு, அப்பனை விட்டு ஓடிப்போய்ச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகன் கதையைக் கொடுத்தார். நல்ல கதை, எங்கள் ஊரிலேயே அப்படி நாலு பேர் உண்டு. மகனை ஒரு மாதிரியாக வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கச் சொல்லுகிற இடம் வந்தது. "கொழுத்த கன்று" என்று சொன்னதுதான் தாமதம், அது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. இன்னும் பல் போடாத கன்று. மயிலை நிறம். நெற்றியில் ஒற்றைச் சுழி, முதுகில் கெட்ட சுழி ஒன்றும் இல்லை. வால் நல்ல நீளம். "இப்படியாப்பட்ட கன்றை அடிக்க மனசு வருமா? ரெண்டு வருசம் வளர்த்து ஜோடி சேர்த்தால்…" என்று நான் கேட்க, முன் பாயில் உட்கார்ந்திருந்த முத்தாயம்மாள், "வராதுங்க சாமி" என்று வாய்விட்டுச் சொன்னாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மகன் இன்னும் வாசலிலேயே நிற்கிறான். அவனை உள்ளே கூப்பிட மறந்து ஆமென் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் ஒருத்தன் கேட்டான், "கடைசியில அந்தக் கன்னு என்ன வெலைக்குப் போச்சுங்க?"

போதகர் பொறுமைசாலி. அடுத்த வாரம் ஆண்டவர் கடலில் புயலை அடக்கின கதை, அதற்கடுத்த வாரம் வலை கிழிய மீன் பிடித்த கதை. இரண்டிலும் எப்படியோ மாடு புகுந்துவிட்டது. பங்குனி மாதம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடைசி ஞாயிறு மிஷன் துரை வருகிறார். உம்முடைய பிரசங்கத்தைக் கேட்பார். தேறினால் வாழப்பாடிப் பக்கம் உபதேசியார் வேலை. தேறாவிட்டால்…" என்று இழுத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெபம் பண்ணச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தேறாவிட்டால் என்ன என்று எனக்கே தெரியும். தரகும் போய் ஊழியமும் இல்லை. கூப்பிட்டவரே என்னை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தின கணக்கு. சோறு இறங்கவில்லை. என் சம்சாரம் பாப்பாயி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் பேச வரும்னு அவருகிட்ட ஆருங்க சொன்னது?"

"சந்தையே சொல்லுமே."

"சந்தையில நீங்க பேசி எந்த மாட்டை வித்தீங்க? வாயில போடறதெல்லாம் வெறுஞ் சத்தம். வித்ததெல்லாம் துண்டுக்குள்ளதான? அந்தப் பாதிரி ஐயருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாதா?"

கோபம் வந்தது. அவள் சொன்னது நிஜம் என்பதால் கொஞ்சம் கூடவே வந்தது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் பத்து ரூபாய், இரண்டைப் பிடித்தால் இருபது. சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். ஒன்று மட்டும் சட்டம்: துண்டை எடுப்பதற்கு முன்னால் "சரி" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு எந்தச் சாமி வந்தாலும் மாற்ற முடியாது.

துரை வருகிற வாரம், செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போனேன். தேறினால் ஊரைவிட்டுப் போக வேண்டும், வீட்டில் நின்ற எருதை விற்க வேண்டும். எருதைப் பார்த்ததும் பெரியசாமிக் கவுண்டர் வந்து நின்றார். (இது அவருடைய நிஜப் பெயர் இல்லை. அந்தப் பக்கத்தில் பெரியசாமி என்கிற பெயரில் நூறு பேர் இருப்பார்கள் என்பதால் வைத்தேன்.) நல்ல பண்ணையம், கலியாணம் பேசி முடித்த மகள், சந்தையில் மரியாதை.

"ஏப்பா தீர்த்தகிரி, வேதத்துல சேந்தும் மாட்டை மட்டும் நல்லா வெச்சிருக்கறயே. வெலை சொல்லு."

துண்டைப் போட்டோம். சுண்டுவிரலில் ஆரம்பித்து நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தேன். நாற்பது ரூபாய், இறங்கி முப்பத்தைந்துக்கு வருவதாக என் மனசில் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "சரி!" என்றார், பேரமே பேசாமல். துண்டை எடுத்துவிட்டு மடியிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

"என்னங்க இது? நாலு விரலுங்க."

"ரெண்டு விரல்தானப்பா புடிச்சே!"

கூட்டம் கூடிவிட்டது. அர்த்தநாரி என்கிற தரகன், என் பழைய கூட்டாளி, முன்னால் வந்தான். "சரின்னு சொன்னாச் சரிதானுங்க கவுண்டரே. நாப்பதை எடுங்க. சத்தியநாதன் பொய் சொல்லுவானுங்களா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். அந்தச் சிமிட்டலில்தான் எனக்கு விளங்கியது.

தரகர்களுக்குள் ஒரு ரகசியம் உண்டு. எப்போதாவது ஒருவன் கையில் ஓரத்து விரல்களுக்கு உணர்ச்சி இருக்காது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதற்குச் செத்த விரல் என்று பெயர். அப்படிப்பட்டவன் வாங்க வந்தால், நாலைப் பிடித்தால் இரண்டு என்று நினைத்துச் "சரி" சொல்லிவிடுவான். சொன்ன வாய்க்குக் கட்டுப்பட்டு முழுப் பணத்தையும் கொடுப்பான். நானும் ஒருத்தனிடம் அப்படிச் செய்திருக்கிறேன், ராசிபுரத்துப் பக்கத்துக் குடியானவன். அன்றைக்கு இதே அர்த்தநாரியும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆறு வருசம் கழித்துத் திருச்செங்கோட்டு மலைப்படியில் ஒரு பிச்சைக்காரன் என் முன்னால் கையை நீட்டினான். விரல்கள் மடங்கிப்போய்ப் பாதிதான் மிச்சம் இருந்தன. முகத்தைப் பார்த்தேன். அவனேதான். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் கோயில் கோயிலாக அலைந்து, கடைசியில் போதகர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"எங்கேயோ தப்பு நடந்துபோச்சு. இன்னொருதரம் துண்டைப் போடலாமுங்க" என்றேன். அர்த்தநாரிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "சரி" சொல்லி முடிந்த பேச்சை, லாபம் வருகிற தரகனே முடியவில்லை என்று ஒத்துக்கொண்டதை அவன் பார்த்ததே இல்லை.

துண்டுக்குள் கவுண்டருடைய சுண்டுவிரலில் என் கட்டைவிரல் நகத்தை அழுத்தி இறக்கினேன். அவர் அந்த வருச மழையைப் பற்றி அர்த்தநாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"கவுண்டரே," என்று அவர் காதோரம் குனிந்தேன், "வெலை பேசறாப்பல தலையை ஆட்டிக்கிட்டே இருங்க. என்ற நகம் உங்க சுண்டுவிரல்ல இறங்கியிருக்குது. தெரியுதுங்களா?"

தலை ஆடியது. பிறகு நின்றது. அவர் துண்டையே பார்த்தார்.

"தலையை ஆட்டுங்க சாமி. எத்தனை நாளா?"

"மாசியிலிருந்து… கொதிக்கற சட்டியைத் தொட்டும் சுடலை. முழங்கைக்கிட்ட ஒரு தேமல். ஊட்டுல கூடச் சொல்லலை." அந்த நோயின் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "தீர்த்தகிரி, வெளியே தெரிஞ்சா எம்புள்ள கலியாணம் நின்னுபோயிரும். கெணத்துத் தண்ணி எடுக்க உடமாட்டாங்க."

"ஆரம்பத்துலயே போனா நிறுத்திப்போடலாமுங்க. சேலத்துல மிஷன் ஆஸ்பத்திரியில வாராவாரம் ஊசி போடறாங்க. நான் கூட வாரேன்."

"அங்க போறதை ஆராச்சும் பாத்தா?"

நிமிர்ந்தேன். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "இன்னிக்குப் படியலைங்க! வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சேலம் போயிப் பாத்துட்டு வந்து முடிச்சுக்கலாம்!"

ஒரு வார்த்தை பொய் இல்லை. சந்தை அதற்கு என்ன அர்த்தம் பண்ணிக்கொண்டது என்பது சந்தையின் பாடு. இருபது வருசம் தரகு பண்ணினவனுக்கு இதுகூடவா தெரியாது.

வெள்ளிக்கிழமை சங்ககிரியில் ரயில் ஏறினோம். ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கவுண்டர் கையை இறகால் தடவினாள், ஊசியால் குத்தினாள், முழங்கைக்குப் பின்னால் ஒரு நரம்பை உருட்டிப் பார்த்தாள். "நல்ல வேளை, ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டீர். இதிலிருந்து யாருக்கும் ஒட்டாது. வாராவாரம் வர வேண்டும், தவறக்கூடாது" என்றாள். கவுண்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் துண்டை எடுத்து, "இங்க காப்பித் தண்ணி ஏதாச்சும் கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

டாக்டரம்மா என்னிடம் திரும்பினாள். "தேமல் சட்டைக்குள் இருக்கிறது. நீர் எப்படிக் கண்டுபிடித்தீர்?"

சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. துண்டைப் போட்டு அவள் கையையே பிடித்துக் காட்டினேன். "இப்ப நீங்க முப்பது ரூபாய்க்கு மாடு வாங்கிட்டீங்கம்மா" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, துண்டுக்குள் இருந்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஒரு சந்தையில் எத்தனை கை பிடிப்பீர்?"

"நாப்பது அம்பது இருக்குமுங்க."

"வாரத்துக்கு?"

"நாலு சந்தை."

"நான் ஆறு வருசமாக ஊர் ஊராகப் போகிறேன். என் காரின் சத்தம் கேட்டதும் நோய் இருக்கிறவன் சோளக்காட்டுக்குள் ஓடிவிடுகிறான். இல்லாதவன் வந்து பல்வலிக்கு மருந்து கேட்கிறான். உமக்கு அவனாகவே கையை நீட்டுகிறான், இருநூறு பேர், வாராவாரம்!" என்றாள். "நீர் என்ன வேலை செய்கிறீர்?"

"தரகனா இருந்தேனுங்க. இப்ப விட்டுட்டேன்."

"ஏன் விட்டீர்?" என்று கிட்டத்தட்டக் கத்தினாள்.

ரயிலில் திரும்பி வரும்போது கவுண்டர் தூங்கிவிட்டார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மலைப்படியில் நீட்டின கை நினைவுக்கு வந்தது. இந்த விரல்களை வைத்துத்தான் அவனைக் கெடுத்தேன். கர்த்தர் இவற்றையே கேட்கிறார். வாயை அவர் கேட்கவே இல்லை, பாப்பாயி சொன்னது மாதிரி. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சங்ககிரி வரும்வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை போதகர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கவுண்டர் பெயரைத் தவிர. ராசிபுரத்துக் குடியானவனையும் சொன்னேன்.

"மறுபடியும் தரகுக்கா போகிறேன் என்கிறீர்?"

"ஐயா, குஷ்டரோகி ஒருத்தன் வந்து நின்னப்போ ஆண்டவர் முதல்ல என்ன பண்ணினாருங்க?"

"சுத்தமாக்கினார்."

"அதுக்கும் முன்னாடி?"

போதகர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "கையை நீட்டித் தொட்டார்," என்றார் மெதுவாக. "தொட்டுவிட்டுத்தான் பேசினார்."

"எனக்கு அந்த மொதல் பாதி போதுமுங்க. பேசற பாதியை நீங்க பாத்துக்கங்க."

அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "சத்தியநாதன்," என்றார், "உண்மையைச் சொல்லட்டுமா? நாளைக்கு நீர் துரைக்கு முன்னால் நின்று பிரசங்கம் பண்ணுவதை நினைத்து எனக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லை. அப்பாடா!"

ஞாயிற்றுக்கிழமை அவரே பிரசங்கம் பண்ணினார், ஓடிப்போன மகன் கதையைத்தான். கன்றை ஒரே வரியில் கடந்துபோனார். மகனை வாசலில் நிற்க விடாமல் உள்ளே அழைத்துப்போய், கால் கழுவிக்கொள்ளச் சொல்லி, பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டார். கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. துரையும் அந்த உபதேசியார் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். "சத்தியநாதன் ஊழியத்துல தோத்துட்டானப்பா" என்று அர்த்தநாரி ஊரெல்லாம் சொன்னான். சொல்லட்டும் என்று விட்டேன். அந்தப் பேச்சு எனக்கு நல்ல போர்வையாக இருந்தது. அந்த வருசம் ஒன்பது பேர் என்னோடு சேலத்துக்கு "மாடு பார்க்க" வந்தார்கள்.

கவுண்டர் மகள் கலியாணம் ஆவணியில் நடந்தது. அடுத்த தையில் அவர் சந்தைக்கு வந்தார். தேமல் மங்கிவிட்டது. ஓரத்து இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி முழுக்கத் திரும்பவில்லை, ஆனால் அவை மடங்கவும் இல்லை. என் எருது இன்னும் விற்காமல் நின்றது.

"இன்னிக்காச்சும் முடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, துண்டுக்குள் இடது கையை நீட்டினார். "இந்தக் கையில புடியப்பா. இதுல அஞ்சும் வேலை செய்யுது."

மூன்று விரலைப் பிடித்தேன்.

"அநியாயம்!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "வயசான மாட்டுக்கு மூணா?"

அந்தக் கத்தலைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. இரண்டரை விரலுக்கு முடித்தோம்.