திராவகத்தில் கழுவிய கற்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஜெயபாரதி ஜியாலஜி அறையின் அலமாரியைத் திறந்தாள். உள்ளே எல்லாம் பளபளவென்று மின்னின. வேறு அறைக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது.

தியாகராய நகரின் அந்தப் பெண்கள் கல்லூரியில் அவள் விரிவுரையாளராகச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கோடை தவறாமல் எழும்பூரில் ரயிலேறி, அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரி வெயிலில் உட்கார்ந்து, உளியும் சுத்தியலுமாக அவள் பெயர்த்துக் கொண்டுவந்த புதைபடிவங்கள் அவை. மண்ணும் கறையுமாகத்தான் வைத்திருந்தாள். அந்த மண்ணும் சாட்சி என்பது அவளுக்குத் தெரியும். இப்போது மண் இல்லை. கல்லின் மேல் மையால் எழுதியிருந்த எண்கள் இல்லை. எடுத்த இடமும் அடுக்கும் எழுதித் தட்டுகளில் வைத்திருந்த சீட்டுகள் இல்லை. பெரியது பின்னால், சிறியது முன்னால் என்று கொலு மாதிரி அடுக்கி, வார்னிஷ் பூசியிருந்தார்கள்.

ஒன்றைக் கையில் எடுத்தாள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட், எப்போதோ அற்றுப்போன கடலுயிரின் ஓடு. வகைக்கு வகை மாறும் அதன் மெல்லிய வரிகளைக் காணோம். தேய்ந்த சோப்பைப் போல வழவழவென்று இருந்தது.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா முத்தம்மாவைக் கூப்பிட்டாள்.

"நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்றாள் முத்தம்மா. "செக்ரட்டரி ஐயா ஆளுங்கள இட்டுக்கினு வந்தாரு. நகைக்கடை ஆளுங்க. வாளியில திராவகத்த ஊத்தி கல்லெல்லாம் போட்டாங்க. சொர்ருன்னு நுரைச்சிக்கினு வந்துச்சு. சீட்டெல்லாம் குப்பைன்னு கொளுத்திட்டாங்க."

"எந்தக் கடை ஆளுங்க?"

"உங்க அண்ணன் கடைதாம்மா. உங்களுக்குத் தெரியும்னு நான் நெனச்சிக்கினு கீறேன்."

முதல் வகுப்புக்கு மணி அடித்தது. ஜெயபாரதி வகுப்புக்குப் போகவில்லை. பாண்டி பஜாருக்கு நடந்தாள்.

அண்ணன் சுயம்புலிங்கம் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இன்னொருவர் கடையில் எடுபிடியாக இருந்து, சொந்தக் கடை வைத்தவன். தங்கையைக் கல்லூரியில் படிக்க வைத்ததும் அவன்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாட்டி. கல்லெல்லாம் பாத்தியா? அழுக்கேறிக் கெடந்துச்சு. நம்ம ஆளுவள விட்டு ஜம்முன்னு ஆக்கிட்டேன்."

"யாரு செய்யச் சொன்னா?"

"செக்ரட்டரி போன் போட்டாரு. ஒந் தங்கச்சிதான் ஒங்கிட்ட சொல்லச் சொல்லுச்சுன்னாரு."

"நான் சொல்லல."

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, கல்லுதான. நம்பரு போனா மறுபடி எழுதிக்க. வயசு தெரியணும்னா பேப்பர்ல போட்டிருந்தானே, கார்பனோ என்னவோ, அதுக்கு அனுப்பு."

"கார்பன் அம்பதாயிரம் வருஷத்துக்கு மேல செல்லாது. இது பத்துக் கோடி வருஷம்." அவள் குரல் உயர்ந்தது. வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பினாள். "கேளு. அந்த உசுரு செத்துக் கடலுக்கடியில விழுந்துச்சு. ஓடு கரையுததுக்குள்ள சேறு மூடிச்சு. சதை போச்சு, ஓடு நின்னுச்சு. மேல மேல சேறு விழுந்து எல்லாம் கல்லாச்சு. சிலதுல ஓடே கரைஞ்சு அச்சு மட்டும் நின்னுச்சு, நீ அச்சுல தங்கத்த ஊத்துதியே, அது மாதிரி. அந்தக் குழியில வேற சேறு எறங்கி அதே உருவமா எறுகுனதும் உண்டு. புழு போன தடம்கூட ஒண்ணு வச்சிருந்தேன். அது இன்னைக்கு வெறும் மணலா வாளியில கெடக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது. எந்த அடுக்குல எடுத்தேன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு வயசு. அம்மோனைட்டுல ஒவ்வொரு வகையும் கொஞ்ச காலந்தான் இருந்துச்சு, அதனால வகையப் பாத்தே அடுக்கச் சொல்லிடலாம். அதே வகை வேற தேசத்துல எரிமலைச் சாம்பலுக்கு நடுவுல இருக்கு. சாம்பல்ல உள்ள பொட்டாசியம் ஒரே சீரா மாறிக்கிட்டே வரும், அத அளந்துதான் இத்தன கோடி வருஷம்னு சொல்லுதாங்க. அந்த வகையக் காட்டுத வரியத்தான் ஒந் திராவகம் தின்னுருச்சு."

சுயம்புலிங்கம் விழித்தான். அவள் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றினாள்.

"ரிப்பேருக்கு வந்த நகையெல்லாம் சீட்டப் பிச்சுப் போட்டுட்டு, ஒரே மூசையில உருக்கிட்டா நீ என்ன செய்வ?"

அவன் முகம் கறுத்தது. "கடைய மூடிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்." பிறகு சட்டென்று எழுந்தான். "ஒம் பேரச் சொல்லி என்னைய ஏமாத்துனானா அந்த ஆளு? நானும் வாரேன், நட."

"நீ வரவேண்டாம். நீ செஞ்சதே போதும்."

ஆட்கள் முன்னால் அவனை யாரும் அப்படிப் பேசியதில்லை. அவன் மறுபடி கல்லாவில் உட்கார்ந்தான். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

கல்லூரிச் செயலாளர் பத்ரிநாராயணன் மயிலாப்பூரில் பேர்போன வக்கீல். அவள் சொன்னதையெல்லாம் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க லீவுல இருந்தேள். அடுத்த வாரம் யுனிவர்சிட்டி கமிட்டி வர்றது. எம்.எஸ்ஸி. வகுப்பு வேணும்னா ரூம் பாக்கற மாதிரி இருக்க வேண்டாமா? சீட்டுதானே, புதுசா எழுதிடுங்கோ. எந்தக் கல் எந்த அடுக்குன்னு வர்றவாளுக்கு என்ன தெரியும்?"

"தெரியாததை எழுத மாட்டேன் சார்."

"அந்த ரூம் காலேஜோடது."

"கையெழுத்து என்னோடது."

அந்த வாரம் முழுக்க இறுதியாண்டு மாணவி ஜலஜா உடனிருந்து உதவினாள். கல்லாகிப்போன மரத்துண்டு மட்டும் திராவகத்துக்குத் தப்பியிருந்தது. சுண்ணாம்பு இல்லாமல் சிலிக்காவாக மாறியிருந்ததால் அமிலம் அதைத் தொடவில்லை. வரிகள் மிஞ்சிய சில அம்மோனைட்டுகளை அடையாளம் கண்டார்கள். மற்ற எல்லாவற்றின் முன்னாலும் ஜெயபாரதி ஒரே வாசகத்தை எழுதி வைத்தாள்: 'எடுத்த அடுக்கு தெரியாது.' ஒவ்வோர் அட்டையை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கமிட்டியின் தலைவர் வயதானவர். அட்டைகளைக் குனிந்து படித்துக்கொண்டே போனார். "ஏன் இப்படி?" என்றார்.

"புது லேபிள் போட்டுண்டிருக்கோம், வேலை முடியல" என்றார் பத்ரிநாராயணன்.

"இல்லை சார்" என்றாள் ஜெயபாரதி. "விடுமுறையில் இதையெல்லாம் திராவகத்தில் கழுவியிருக்கிறார்கள். செயலாளர் உத்தரவு. என்னைக் கேட்கவில்லை. நான் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்."

கிழவர் கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். "இதுல இனிமே படிக்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அந்த வருஷம் எம்.எஸ்ஸி. கிடைக்கவில்லை. ஜெயபாரதிக்கு மெமோ வந்தது. கல்லூரியின் பெயரைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். சக ஆசிரியைகள் சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கம் உட்காரத் தயங்கினார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஜலஜா வந்து சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"எம்.எஸ்ஸி. இங்கே இருந்தா படின்னு அப்பா சொல்லிண்டிருந்தார், மேடம். பசங்களும் படிக்கற கோஎட் காலேஜ்ல சேர்க்க மாட்டாராம். வரன் பாக்க ஆரம்பிச்சுட்டா."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போன ஜெயபாரதி சோற்றைப் பிசைந்தபடியே விட்டு எழுந்துவிட்டாள். தான் பேசாமல் இருந்திருந்தால் இந்தப் பெண் படித்திருப்பாளோ? அந்தக் கேள்வியை அவள்மேல் சுமத்தியவர் மயிலாப்பூரில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க மறுபடியும் ஆத்திரம் பொங்கியது.

மே மாதம் அரியலூருக்குப் போனாள். ஏழு வருஷம் அவள் வேலை செய்த மூலை அங்கே இல்லை. வெடிவைத்துத் தகர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அது போன மாசமே வெட்டியாச்சும்மா" என்றார் மேஸ்திரி.

தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, அடியில் தெரிந்த அடுக்கிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

இரண்டு கோடை கழித்து, அவள் புதிதாகச் சேர்த்த கற்களைக் கமிட்டி வந்து பார்த்தபின், எம்.எஸ்ஸி.க்கு அனுமதி வந்தது. கல்லூரியில் விழா எடுத்தார்கள். பத்ரிநாராயணன் பேசினார்: "நம்ம காலேஜோட அபூர்வமான கலெக்‌ஷனைப் பாத்து கமிட்டியே அசந்து போயிடுத்து." கைதட்டல் அடங்குவதற்குள் பின் வரிசையிலிருந்த ஜெயபாரதி எழுந்து வெளியே நடந்தாள்.

முன் வரிசையில் நன்கொடையாளர்களோடு உட்கார வைக்கப்பட்டிருந்த சுயம்புலிங்கமும் எழுந்தான். கடையில் அன்று பேசியதோடு சரி, இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. வாசலில் அவளை எட்டிப் பிடித்தான்.

"வண்டி நிக்கு" என்றான்.

"நான் நடந்தே போயிக்கிடுதேன்."

அவன் டிரைவரை அனுப்பிவிட்டு அவள் பின்னாலேயே நடந்து வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையை எட்டிப் போடவும் இல்லை.