அடிவரிசைப் பன்னிரண்டு

மண்சரிவில் எங்கள் சுவர் விழுந்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். அது எங்கள் சுவர் இல்லை. மலையை வெட்டிச் சாலை போட்ட இடத்தில், மேலே இருக்கும் மண் கீழே இறங்காமல் தாங்குவதற்காக எழுப்பிய பொதுச் சுவர். கட்டியவன் என் தம்பி. நடுவில் பதித்த கல்லில் இருந்தது எங்கள் அப்பாவின் பெயர். அந்தச் சாலைக்கு முதன்முதலில் கல் உடைத்துப் போட்ட ஒப்பந்தக்காரர் அவர்தான் என்பதால் ஊர்க்காரர்களே கேட்டு வைத்தார்கள். சுவர் நின்ற காலமெல்லாம் "உங்க சுவர்" என்று யார் சொன்னாலும் நான் மறுத்ததில்லை. கேட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்திருக்கிறேன். விழுந்தபிறகு மட்டும் அது பொதுச் சுவர் என்பது நியாயமில்லைதான்.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் விடியும்போது சுவர் வயிறு தள்ளிப் பிளந்தது. பின்னாலிருந்த மண் மொத்தமும் இறங்கி, சாலையின் வெளிப்பக்கத்துப் பாதியை எழுபது அடி நீளத்துக்குப் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த நேரம் சாலையில் யாரும் இல்லை. அது எங்கள் முன்னோர் செய்த புண்ணியம். அன்று முதல் அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிகளும் உட்பட, மேலே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் சுற்றித்தான் போனார்கள்.

மறுநாளே சீர்செய்யும் வேலை தொடங்கியது. பொக்லைன் வந்து மண்ணை அள்ளியது. பள்ளத்து ஓரத்தில் கம்பிவலைப் பெட்டிகளை வைத்து, அவற்றில் கல்லை நிரப்பி, படிப்படியாக அடுக்கிக்கொண்டு வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்த இன்ஜினியர் முப்பது வயதுப் பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, யாரிடமும் சத்தம் போடாமல் வேலை வாங்குவாள். என் தம்பியை அங்கே யாரும் கூப்பிடவில்லை. இருந்தும் விடிந்ததும் போய் நின்றான். சும்மா நிற்கத் தெரியாதவன், கம்பிவலைப் பெட்டிக்குள் குனிந்து கல்லை இடைவெளி இல்லாமல் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். வேலையாட்கள் அவனுக்கு வைத்த பெயர் ரசமட்டம். அவன் கண்ணால் பார்த்து மட்டம் சொன்னால், கருவியை வைத்துப் பார்க்கத் தேவையில்லை என்பார்கள்.

மூன்றாம் நாள் காலை அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணி, நாலு வாய்கூட எறங்கல அவருக்கு. தட்டுல கைய வெச்சுட்டு அப்படியே ஒக்காந்திருக்காரு. 'என் கைதான் எங்கயோ தப்பு பண்ணிருச்சு'ன்னு ஒரே பொலம்பல். நீங்க வந்து ஒரு அதட்டு அதட்டுங்க. நான் சொன்னா கேட்டுட்டுத்தான் மறுவேல பாப்பாரு!"

"கையில என்ன தப்பு? மலையே எறங்கினா சுவர் என்ன பண்ணும்?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியுது. நாளைக்கு ஒரு காகிதத்துல கையெழுத்து கேட்டிருக்காங்களாம். கட்டினதுலதான் கொறைன்னு. போட்டா இனி சர்க்கார் வேலை எதுலயும் அவர் பேரு இருக்காது. போடத்தான் போறேங்கிறாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சரிவு நடந்த இடத்தில் தார்ப்பாய் கட்டி, அடியில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டிருந்தார்கள். தம்பியும் இன்ஜினியரும் மேசைமேல் குனிந்து ஒரு போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன் சாலைத்துறை அலுவலகத்தார் வந்தபோது எடுத்த படம். வெள்ளை வெளேரென்ற சுவர், நடுவில் அப்பாவின் பெயர், அடியில் வரிசையாகப் பூச்செடிகள். பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிடம் அவள் பேசியதைக் கேட்டேன்.

"அய்யா, பின்னாடி போட்ட சல்லி நல்லாவே இருக்கு. கலவையிலயும் கொறை இல்ல. ஆனா தண்ணி வெளிய வர ஓட்டை மேல்வரிசையில மட்டும்தான் தெரியுது. அடிவரிசையே இல்ல. அடியில தேங்கின தண்ணிதான் சுவரத் தள்ளியிருக்கு."

"அடிவரிசை வெச்சேனேம்மா."

"படத்துல இல்லையே."

"வெச்ச ஞாபகம்தான்." தம்பி படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனான். "இருபது வருஷமாச்சு. வெச்சேன்னுதான்... வெக்காமயா விட்டேன்? வேற சுவர் நெனப்புல சொல்றேனோ என்னமோ." என்னைப் பார்த்தான். "அக்கா, உனக்கு ஞாபகம் இருக்கா? நீ தினம் இந்த வழியாத்தானே போவே?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"நான் எங்க சுவத்தையெல்லாம் பாத்துக்கிட்டு நடந்தேன்?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதட்டுவதற்காகப் போனவள் அதட்டவும் இல்லை.

அடிவரிசையில் பன்னிரண்டு ஓட்டைகள் இருந்தன. பதினாலு வருடத்துக்கு முன், என் மகளைப் பெண் கேட்டு முடிவான பிறகு, சம்பந்தி வீட்டார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு வர அந்த ஒரு சாலைதான். அதற்கு முந்தின வாரம் மழை பெய்திருந்தது. நான் போய்ப் பார்த்தபோது, ஓட்டைகளிலிருந்து துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் வழிந்து, வெள்ளைச் சுவரெல்லாம் கோடுகோடாக அழுது வடிந்துகொண்டிருந்தது. மேல்வரிசையில் வந்தது கொஞ்சம். அடிவரிசையில் வந்ததுதான் அசிங்கம். வாசலில் எச்சில் துப்பிய மாதிரி சாலை ஓரமெல்லாம் சேறு. அந்தச் சுவரில்தான் எங்கள் அப்பாவின் பெயரைச் சம்பந்தி படிக்கப்போகிறார்.

தம்பி அப்போது ஒரு பால வேலையாக ஒரு மாதம் வெளியூரில் இருந்தான். நான் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு அடிவரிசையை அடைக்கச் சொன்னேன். அவர், இப்போது உயிரோடு இல்லை, தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா, மேஸ்திரிய ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றார். "மேஸ்திரிக்கு மூக்கு துடைச்சுவிட்டவ நான்" என்றேன். அதற்குமேல் அவர் என்ன சொல்வார்? அடைத்து, மேலே வெள்ளையடித்தார். சம்பந்தி வந்தார், சுவரைப் புகழ்ந்தார். அவர்கள் போனதும் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சுவர் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. இருக்கட்டுமே என்று விட்டேன். அடைத்த அடையாளம் தெரியாமல் இருக்க அடியில் பூச்செடி வைத்தேன். திரும்பி வந்த தம்பி, "ரோட்டுச் சுவருக்குப் பூ வெச்ச மொத ஆளு எங்கக்காதான்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். மேல்வரிசையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அந்த வீட்டு மூத்த மகள் பகட்டுக்கு ஆசைப்பட்டு ஊர் சாலையைச் சரித்துவிட்டாள் என்பார்கள். சம்பந்தி காதுக்குப் போகும். அப்பாவின் பெயரைச் சொல்லும்போது கூடவே என் பெயரையும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஓட்டைகள் மண்ணுக்கடியில். கொத்தனாரும் மண்ணுக்கடியில்.

தம்பி கையெழுத்துப் போடுவதைக்கூட ஒருவேளை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அறுபத்துமூன்று வயதாகிறது, இனி வேலை செய்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் அந்தப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், தன் கையைத் தானே நம்பாமல் நின்றானே, அதுதான் என்னால் முடியவில்லை. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதிமூன்று. கீழே விழுந்தால்கூட அழாமல், "நான் சரியாத்தான் நடந்தேன், தரைதான் சரியில்ல" என்று சொல்கிற பிள்ளை அவன்.

மறுநாள் காலை நான் போனபோது பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டி, ஓரமாப் போங்க! பக்கெட்டு திரும்புது!" என்று கத்தினார் ஓட்டுபவர். அவருக்கே தலை பாதி நரைத்திருந்தது.

"நான் உனக்குப் பாட்டின்னா உங்கப்பனுக்கு அம்மாவா? மொதல்ல அத நிறுத்து."

நிறுத்திவிட்டார். திடீரென்று அந்த இடம் அமைதியானதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் தம்பி, சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

"பேனாவக் கீழ வை."

"அக்கா, நீ எதுக்கு இங்க வந்தே? வழுக்கும்."

"அடிவரிசையில பன்னெண்டு ஓட்டை இருந்தது," என்று இன்ஜினியரிடம் சொன்னேன். "இவன் வெச்சான். நான் அடைக்கச் சொன்னேன். இவனுக்குத் தெரியாது."

தம்பி என்னையே பார்த்தான். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். அவனோ பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினான்.

"இத எழுதிராதீங்கம்மா. அக்காவுக்கு எழுபத்திரெண்டு ஆச்சு. இப்பல்லாம் கொஞ்சம் மறதி. எதையோ எதோடயோ போட்டுக் கொழப்பிக்கிறாங்க. போன மாசம் அடுப்ப அணைக்காமலே வெளிய போயிட்டாங்கன்னா பாத்துக்குங்க."

"யாரு, நானா? அடுப்ப அணைக்காமப் போனது உன் பொண்டாட்டி."

கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரிக்கவில்லை. கண்ணாலேயே என்னைக் கெஞ்சினான். இந்த வீட்டின் மானத்தை நான்தான் காக்கிறேன் என்று ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், தன் பெயரைக் கொடுத்து. அதற்காக எனக்கு மறதி என்று சொன்னதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

"எழுதிக்கம்மா," என்றேன். "பதினாலு வருஷத்துக்கு முந்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில. ஒரு மூட்டை சிமெண்ட்ல முக்கால் மூட்டை ஆச்சு. வெறும் சிமெண்ட் உள்ள நிக்க மாட்டேங்குதுன்னு கொத்தனார் சொன்னாரு. எங்க வீட்டுக் கூடத்துல இருந்த பழைய நீலத் திரைச்சீலையப் பன்னெண்டா கிழிச்சு நானே குடுத்தேன். துணிய உள்ள திணிச்சு மேல பூசினாரு. எடமிருந்து அஞ்சாவது ஓட்டையில வெச்ச குழாய் மட்டும் வாய் ஒடஞ்சிருந்தது. போதுமா, இன்னும் சொல்லணுமா?"

"அஞ்சாவது..." என்றான் தம்பி மெதுவாக. "ஆமா. எறக்கும்போதே ஒடஞ்சுது. வேற இல்லாம அதையே வெச்சேன்." அவன் முகத்தில் நாலு நாளாக இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்ததைப் பார்த்தேன். "நான் வெச்சிருக்கேன்."

இன்ஜினியர் எழுந்து பொக்லைன்காரரிடம் போனாள். மண்ணை அள்ளி அள்ளி ஓரமாகப் பரப்பச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து, சுவரின் அடித்துண்டு ஒன்று குழாயோடு புரண்டு வந்தது. தம்பி கடப்பாரையை வாங்கி, வெள்ளையடித்த முகத்தில் இரண்டு குத்து குத்தினான். சிமெண்ட் சில்லு தெறித்தது. விரலை உள்ளே விட்டு இழுத்தான். சொதசொதவென்று நீலத்துணி வந்தது. சாயம்கூடப் போகவில்லை. நல்ல துணி அது.

இன்ஜினியர் அதைப் படமெடுத்துக்கொண்டாள். தம்பியின் கையெழுத்துக்காக மேசைமேல் வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எனக்கு எழுத்துல வேணும்மா," என்றாள்.

"காகிதம் குடு." நானே எழுதினேன். அப்பாவின் முதலெழுத்தோடு கையெழுத்துப் போட்டேன்.

"அய்யா பேர் சர்க்கார் வேலைப் பட்டியல்ல இருக்கும். புதுச் சுவரும் அவரே கட்டட்டும்னு நான் எழுதி அனுப்பறேன். மேல என்ன சொல்றாங்கன்னு பாப்போம்." என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு நோட்டீஸ் வரும்மா."

"வரட்டும். விலாசம் எல்லாருக்கும் தெரியும்."

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். அறுபது வருடத்தில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சத்தமாகப் பேசாதவன், இருபது பேர் முன்னால் திட்ட ஆரம்பித்தான்.

"ஓட்டைய அடைச்சாளாம்! ஒருத்தன் மூக்கையும் வாயையும் பொத்திட்டு முதுகுல மூட்டை ஏத்தினா அவன் எத்தன நாள் நிப்பான்? பதினாலு வருஷம் நின்னுதே, அது நான் கட்டினதால! யாராவது ரோட்டுல இருந்திருந்தா? பள்ளிக்கூடப் புள்ளைங்க வர்ற நேரமா இருந்திருந்தா? நெனச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"அது கெடக்கட்டும். நேத்து உன் எதுத்தாப்புல நின்னு, வெச்சேனா வெக்கலையான்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். வாய மூடிக்கிட்டுப் போயிட்டியே! பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன் எனக்கு!"

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். எனக்கு அது பழக்கமில்லாத காரியம். கழுத்து வலித்தது.

வீட்டுக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதை முழுவதும் திட்டினான். அவன் முன்னால் நடக்க, நான் பின்னால். வழுக்குகிற இடம் வந்தால் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவான். நான் பிடித்துக்கொள்வேன். தாண்டியதும் விடுவான். விட்ட இடத்திலிருந்து திட்டும் தொடரும். மூன்றாவது இடத்தில் பிடித்த கையை விடவில்லை.

எதிரே கடைக்காரர் ஒருவர் தலையில் மூட்டையோடு வந்தார். எங்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, அக்காவையே இந்தப் போடு போடறீங்க? நான்கூட உங்க வீட்டுல எல்லாம் நிமிர்ந்த முதுகுன்னு..."

"எங்க அக்கா, நான் திட்டுவேன். உனக்கென்ன? மூட்டையக் கீழ போட்டுராம வழிய விடு."

அவர் ஒதுங்கினார். நான் அவன் கையைப் பிடித்தபடியே, முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்தேன்.